ஐந்து ஆண்டுகள், ஐந்து கோப்பைகள்

ஒரு கோப்பையை ஒருமுறை வெல்வது கடினம். அதையே மறு ஆண்டும் வெல்வது அதனினும் கடினம். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், அதுவும் ஒரு கண்டத்திலுள்ள தலைசிறந்த குழுக்கள் அனைத்தையும் எதிர்த்து நின்று, ஒரே குழு வென்றது என்றால் அதை என்னென்று சொல்வது? ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் கால்பந்துக் குழு 1956 முதல் 1960 வரை ஐரோப்பியக் கோப்பையை வென்ற வரலாறு அத்தகையது. அதன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் உருண்டோடிவிட்டன. ஹாலந்தின் அஜாக்ஸ் குழு 1971 முதல் 1973 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றது. ஜெர்மனியின் பேயர்ன் மூனிக் குழு 1974 முதல் 1976 வரை மூன்று முறை வென்றது. ரியல் மாட்ரிட்டே 2016 முதல் 2018 வரை மீண்டும் ஒருமுறை மூன்றைத் தொட்டது. நான்கை எட்டியவர்கூட எவருமிலர்.

இதைப் பற்றி விளையாட்டரங்கில் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "அது மாபெரும் குழு, அவ்வளவுதான்" என்பது ஒரு கட்சி. "பணமும், சர்வாதிகாரி பிராங்கோவின் தயவும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்தால் யார்தான் வெல்லமாட்டார்கள்?" என்பது எதிர்க்கட்சி. வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையிலும், கல்லூரிக் குழுவில் இடது புறம் ஓடுபவன் என்ற முறையிலும், இந்த வழக்கை எடுத்துக்கொண்டு ஆட்டம் ஆட்டமாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கோப்பை பிறந்த கதை

முதலில் இந்தக் கோப்பை எப்படித் தோன்றியது என்று பார்ப்போம். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் குழு, ஹங்கேரியின் புகழ்பெற்ற ஹான்வெட் குழுவைத் தன் மைதானத்தில் மின்னொளியில் சந்தித்தது. புஸ்காஸ் முதலிய ஹங்கேரிய மேதைகள் முதற்பாதியில் இரண்டு கோல் முன்னிலை பெற்றும், இறுதியில் ஆங்கிலேயர் 3–2 என வென்றனர். மறுநாள் லண்டன் பத்திரிகைகள் தங்கள் குழுவை உலகத்திற்கே சாம்பியன் என்று முழங்கின. பாரிஸ் நகரின் 'லெகீப்' என்ற விளையாட்டு நாளேட்டின் காப்ரியேல் அனோ இதைப் படித்தார். அவரும் ஒரு காலத்தில் பிரெஞ்சு நாட்டிற்காக ஆடியவர். மாஸ்கோவிற்கும் புடாபெஸ்டிற்கும் சென்று அங்கேயும் வென்று காட்டிய பிறகல்லவா இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கேட்டதோடு நில்லாமல், அதற்கென ஒரு போட்டியையே ஏற்படுத்த வேண்டும் என எழுதினார். ஒரு பத்திரிகையாளரின் எரிச்சலில் முளைத்த விதை அது!

1955 ஏப்ரலில் பாரிஸில் குழுக்களின் பிரதிநிதிகள் கூடினர். ரியல் மாட்ரிட்டின் தலைவர் சாந்தியாகோ பெர்னபெயு அதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர். ஓராண்டுக்கு முன்புதான் பிறந்திருந்த ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் போட்டியை நடத்தும் பொறுப்பை ஏற்றது. கோப்பையை லெகீப் ஏடு வழங்கியது. பதினாறு குழுக்கள் கலந்துகொண்டன. இங்கிலாந்தின் சாம்பியனான செல்சி குழுவோ தன் நாட்டு லீக் நிர்வாகத்தின் வற்புறுத்தலுக்குப் பணிந்து விலகிக்கொண்டது. யாருடைய பெருமையடிப்பினால் இந்தப் போட்டி பிறந்ததோ, அவர்கள் முதலாண்டில் அதில் இல்லை என்பது வேடிக்கைதான்.

போட்டியின் முறையைச் சற்று விளக்க வேண்டும். பின்னால் வரும் கணக்கிற்கு அது தேவை. ஒவ்வொரு சுற்றிலும் இரு குழுக்களும் இருமுறை மோதும். ஓர் ஆட்டம் தன் ஊரில், மற்றொன்று எதிராளியின் ஊரில். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி யாருக்கு மிகுதியோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கூட்டுத்தொகை சமமானால் மூன்றாவது ஆட்டம் ஒன்று நடத்தப்படும். இறுதியாட்டம் மட்டும் முன்கூட்டியே குறித்த ஊரில் ஒரே ஆட்டமாக நடக்கும். முந்தைய ஆண்டு வென்ற குழு, தன் நாட்டு லீக்கில் எந்த இடத்தில் இருந்தாலும் மறு ஆண்டு கலந்துகொள்ளலாம். இந்தக் கடைசி விதி ரியல் மாட்ரிட்டிற்குப் பேருதவியாக இருந்தது. 1956இல் ஸ்பெயினின் சாம்பியன் அத்லெடிக் பில்பாவோ; 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் பார்சிலோனா. கோப்பை வென்ற ஐந்து பருவங்களில் இரண்டில் மட்டுமே, அதாவது 1957இலும் 1958இலும் மட்டுமே, ரியல் மாட்ரிட் சொந்த நாட்டு லீக்கையும் வென்றது. ஐரோப்பாவை ஆண்ட குழு, வீட்டில் பாதி நாள் இரண்டாம் இடத்திற்கும் மூன்றாம் இடத்திற்கும் இறங்கி வந்தது!

மயிரிழையில் தப்பிய ஆட்டங்கள்

இந்த வெற்றி வரலாற்றைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, யானை கரும்புக் காட்டில் புகுந்தது போல ரியல் மாட்ரிட் எல்லாரையும் மிதித்துக்கொண்டு போனதாகத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் கதை வேறு. முதலாண்டிலேயே, 1955 கிறிஸ்துமஸ் தினத்தன்று மாட்ரிட்டில் யுகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் குழுவை 4–0 என வென்றவர்கள், அடுத்த மாதம் பெல்கிரேடில் பனி மூடிய மைதானத்தில் 0–3 எனத் தோற்றனர். இன்னும் ஒரு கோல் வாங்கியிருந்தால் மூன்றாவது ஆட்டம்! அரையிறுதியில் மிலான் குழுவையும் மொத்தத்தில் ஒரே கோல் வித்தியாசத்தில்தான் தாண்டினர். பாரிஸில் நடந்த இறுதியாட்டத்தில் பிரான்ஸின் ரேம்ஸ் குழு பத்தே நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுவிட்டது. அவற்றைச் சமன் செய்து, மீண்டும் 2–3 எனப் பின்தங்கி, மார்க்கீத்தோஸ் என்ற பின்கள வீரர் முன்னேறி வந்து சமன் செய்ய, ரியால் நான்காவது கோலைப் போட, 4–3 என்று முதற்கோப்பை கைக்கு வந்தது.

இரண்டாம் ஆண்டு வியன்னாவின் ரபிட் குழுவிடம் கதை முடிந்திருக்க வேண்டியது. மாட்ரிட்டில் 4–2, வியன்னாவில் 1–3. அங்கே மூன்று கோலையும் போட்டவர் எர்ன்ஸ்ட் ஹாப்பல் என்ற பின்கள வீரர். மொத்தம் 5–5. மூன்றாவது ஆட்டம் மாட்ரிட்டிலேயே நடந்து 2–0 என ரியல் வென்றது. 1959 அரையிறுதியில் சொந்த ஊர்ப் பங்காளியான அத்லெடிகோ மாட்ரிட்டுடன் இதே நிலை: 2–1, பிறகு 0–1. சரகோசாவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் 2–1 என்று தப்பித்தனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1960களில் 'வெளியூர் கோல்' விதி என்று ஒன்று கொண்டுவரப்பட்டு, 2021 வரை நடைமுறையில் இருந்தது. மொத்தக் கணக்கு சமமானால், எதிராளியின் மைதானத்தில் அதிகக் கோல் போட்டவருக்கே வெற்றி என்பது அந்த விதி. அதை இந்த இரு சுற்றுகளுக்கும் பொருத்திப் பார்த்தேன். ரபிட் குழு மாட்ரிட்டில் இரண்டு கோல் போட்டிருந்தது. ரியல் வியன்னாவில் ஒன்றுதான். அத்லெடிகோ எதிராளியின் மைதானத்தில் ஒரு கோல் போட்டது, ரியல் பூச்சியம். இரண்டு முறையும் ரியல் மாட்ரிட் வெளியேறியிருக்கும்! ஐந்து கோப்பை மூன்றாகியிருக்கும். தொடர் என்ற பேச்சே இருந்திராது. ஆகவே அதிர்ஷ்டம் என்று சொல்லும் எதிர்க்கட்சி நண்பர்களின் வாதத்தில் சாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விதி இருந்திருந்தால் குழுக்கள் ஆடும் விதமும் மாறியிருக்கும் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளில் ரியல் மாட்ரிட் இக்கோப்பைக்காக ஆடிய ஆட்டங்கள் 37. வெற்றி 27, சமன் 4, தோல்வி 6. ஆறு தோல்விகளும் எங்கே? பெல்கிரேட், மிலான், வியன்னா, புடாபெஸ்ட், நீஸ், பின் அத்லெடிகோவின் மைதானம். எல்லாம் எதிராளியின் ஊர் அல்லது மைதானம்! சொந்த மைதானத்தில் ஆடியவை 17. அத்தனையிலும் வெற்றி. ஒரு சமன்கூட இல்லை. போட்ட கோல் 70, வாங்கியது 8. இரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இந்த எண்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வெளியூரில் முடிந்தவரை தாக்குப்பிடிப்பது, வீட்டுக்கு வந்ததும் எதிராளியை நசுக்கிவிடுவது. செவிய்யா குழு மாட்ரிட்டில் வாங்கியது எட்டு, வியன்னா ஸ்போர்ட் கிளப் வாங்கியது ஏழு, லக்ஸம்பர்க் நாட்டு எஷ் குழு வாங்கியது ஏழு.

அந்த மைதானம் யார் கட்டியது? பெர்னபெயு. 1943இல் தலைமைப் பொறுப்பேற்றவர், 1978இல் இறக்கும் வரை அதே நாற்காலியில் இருந்தார். உள்நாட்டுப் போரில் சிதைந்திருந்த குழுவின் பழைய மைதானத்திற்குப் பதிலாகப் பெரியதொன்றைக் கட்டி 1947இல் திறந்தார். இவ்வளவு பெரிய மைதானம் இந்தச் சிறிய குழுவிற்கு எதற்கு என்று கேலி பேசினர். 1950களின் நடுவில் அதை இன்னும் விரிவாக்கி, லட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்க்கும்படி செய்தார். 1957 இறுதியாட்டம் அங்கேயே நடந்தபோது 1,24,000 பேர் திரண்டனர். இத்தாலியின் பியோரென்டினா குழு 69 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு பெனால்டி; அதைத் தந்தது சரியல்ல என்று இத்தாலியர் கொதித்தனர். டி ஸ்டெபானோ அதைக் கோலாக்க, ஹென்டோ மற்றொன்று போட, 2–0. டிக்கெட் வசூல் ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் கூட்டத்தைக் கொண்டுவந்தனர். சக்கரம் சுழன்றது.

ஆட்டக்காரர்கள்

ஆல்பிரெடோ டி ஸ்டெபானோ 1926இல் ஆர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தவர். அந்நாட்டு ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் கொலம்பியாவின் மிலியோனாரியோஸ் குழுவிற்குப் போய்ச் சேர்ந்தார். 1953இல் அவரை ஸ்பெயினுக்கு அழைக்கப் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் ஒரே நேரத்தில் முயன்றன. ஒரு குழு ஆர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டிடம் உரிமை வாங்கியது. மற்றொரு குழு கொலம்பியாவிடம் வாங்கியது. ஒரு பருவம் இங்கே, ஒரு பருவம் அங்கே என்று மாற்றி மாற்றி ஆடட்டும் என்று ஸ்பானியச் சங்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாட்டை இரண்டு ஏரில் பூட்டும் இந்தத் தீர்ப்பை வெறுத்துப் பார்சிலோனா விலகிக்கொண்டது. அதன் பின்னால் அரசாங்கத்தின் கை இருந்தது என்று பார்சிலோனாக்காரர்கள் பல தலைமுறையாக நம்பி வருகின்றனர்.

பெயரளவில் அவர் சென்டர் ஃபார்வர்டு. ஆனால் அவர் ஒரே இடத்தில் நின்றதே இல்லை. தன் கோல் முனைக்கு இறங்கிப் பந்தைப் பறிப்பார். நடுக்களத்தில் அதை நகர்த்துவார். கடைசியில் எதிராளியின் கோல் வாயிலிலும் அவரே இருப்பார். அவர் ஆடிய படங்களைப் பார்க்கும்போது, எதிர்க்குழுவின் பின்கள வீரன் யாரைக் காவல் காப்பது என்று தெரியாமல் திகைப்பது தெளிவாகத் தெரிகிறது. ஐந்து இறுதியாட்டங்களிலும் அவர் கோல் போட்டார். அவ்வாறு வேறு எவரும் செய்ததில்லை. இடது ஓரத்தில் மின்னலாய் ஓடிய பிரான்சிஸ்கோ ஹென்டோவும், நடுக்களத்தில் சாராகாவும் அவருடன் ஐந்து இறுதியாட்டங்களிலும் ஆடியவர்கள். இடது ஓரத்தில் ஓடுபவன் என்பதால் ஹென்டோ மீது எனக்குச் சற்றே கூடுதலான பாசம் உண்டு; வாசகர்கள் பொறுத்தருள்க.

முதல் இறுதியாட்டத்தில் எதிர்த்து ஆடிய ரேம்ஸ் குழுவின் ரேமோன் கோப்பாவை அடுத்த பருவத்திலேயே மாட்ரிட்டுக்கு அழைத்துவந்தனர். 1957இல் உருகுவேயிலிருந்து சாந்தமரியா வந்து பின்களத்தின் நடுவில் பாறையாக நின்றார். 1958இல் புஸ்காஸ் வந்தார். 1956 ஹங்கேரியப் புரட்சியின்போது வெளிநாட்டில் இருந்தவர், தாயகம் திரும்பாததால் தடை விதிக்கப்பட்டு ஆடாமலிருந்தவர், 31 வயது, உடல் கனத்துப்போயிருந்தது. இவரையா வாங்குவது என்று பலர் சிரித்தனர். அதற்குப் பிறகு நான்கு பருவங்களில் ஸ்பானிய லீக்கின் அதிகபட்ச கோல் வீரர் அவரே! இன்னொரு பக்கம், 1958 உலகக் கோப்பையில் பிரேசிலின் தூணாக விளங்கிய தீதியை 1959இல் வாங்கினர்; அவர் குழுவோடு ஒட்டவேயில்லை, ஒரு பருவத்தில் திரும்பிவிட்டார். பணம் மட்டுமே காரணம் என்பவர்களுக்கு நான் தீதியைத்தான் காட்டுவது வழக்கம்.

பிராங்கோவின் தயவு பற்றிய வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெர்னபெயு உள்நாட்டுப் போரில் பிராங்கோ தரப்பில் நின்றவர். உலக நாடுகள் ஒதுக்கி வைத்திருந்த ஆட்சிக்கு, ஐரோப்பாவெங்கும் கைத்தட்டல் வாங்கும் ஒரு குழு கிடைத்தால் கசக்குமா? அந்த ஆட்சி அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. தூதரக உறவே இல்லாத யுகோஸ்லாவியாவின் குழு மாட்ரிட்டிற்கு வந்து ஆட முடிந்தது என்பதும் இதனால்தான் என்று கருதுகிறேன். ஆயினும் பிராங்கோ ஆட்சியைப் பிடித்தது 1939இல். ரியல் மாட்ரிட் லீக்கை வென்றதோ 1954இல். அதற்கு முன் வென்றது 1933இல். ஆட்சியின் தயவே கோல் போடும் என்றால், பதினைந்து ஆண்டுகள் அது ஏன் சும்மா இருந்தது? இடையில் வந்து சேர்ந்தவர் டி ஸ்டெபானோ.

1958ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது பேனா தயங்குகிறது. முந்தைய ஆண்டு அரையிறுதியில் ரியலிடம் 1–3, 2–2 எனத் தோற்ற மான்செஸ்டர் யுனைடெட், மாட் பஸ்பி வளர்த்த இளைஞர்களைக் கொண்ட குழு. ஐரோப்பாவில் ரியலை வீழ்த்தும் வல்லமை யாருக்காவது வளர்ந்து வந்தது என்றால் அது அவர்களுக்குத்தான். பெல்கிரேடில் ஆடி அரையிறுதிக்குத் தகுதி பெற்றுத் திரும்பும் வழியில், பிப்ரவரி 6ஆம் நாள், மூனிக் விமான நிலையத்தில் பனியில் புறப்பட முயன்ற அவர்களது விமானம் நொறுங்கியது. மாண்டவர் 23 பேர். அவர்களில் எண்மர் ஆட்டக்காரர்கள். எஞ்சியவர்களையும் கடன் வாங்கியவர்களையும் கொண்டு ஆடிய யுனைடெட், மிலானை ஊரில் 2–1 என வென்று, மிலானில் 0–4 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் அந்த மிலானை, இருமுறை பின்தங்கிய பிறகு, கூடுதல் நேரத்தில் ஹென்டோவின் கோலால் 3–2 என ரியல் வென்றது. அந்த இளைஞர்கள் இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கிலும் விடை வராது. துயருற்ற குழுவிற்குக் கைகொடுக்க, ரியல் மாட்ரிட் பின்னர் குறைந்த கட்டணத்திற்கு மான்செஸ்டர் சென்று நட்பாட்டம் ஆடியது.

கிளாஸ்கோ இரவு

1959 இறுதியாட்டம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீண்டும் ரேம்ஸ், 2–0, அவ்வளவே. ஆனால் 1960 மே 18! அரையிறுதியில் பார்சிலோனாவை இரு ஆட்டங்களிலும் 3–1 என வென்றுவிட்டு ரியல் மாட்ரிட் ஸ்காட்லாந்திற்கு வந்தது. எதிரே ஜெர்மனியின் ஐன்டிராக்ட் பிராங்பர்ட். அவர்களும் சாமானியர்கள் அல்லர். கிளாஸ்கோவின் சொந்தக் குழுவான ரேஞ்சர்ஸை 6–1, 6–3 என்று வறுத்தெடுத்துவிட்டு வந்தவர்கள். ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் 1,27,621 பேர். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் ஒன்றிற்கு இதைவிடப் பெரிய கூட்டம் இன்றுவரை கூடியதில்லை.

முதல் கோலைப் போட்டவர் ஜெர்மானியர் கிரஸ். அது 18ஆம் நிமிடம். 27ஆம் நிமிடத்தில் டி ஸ்டெபானோ சமன் செய்தார். மூன்று நிமிடத்தில் மற்றொன்று போட்டார். இடைவேளைக்குச் சற்று முன், கோல் கம்பத்திற்கு அருகே கோணமே இல்லாத இடத்திலிருந்து புஸ்காஸ் தன் இடக்காலால் கூரைவலையைக் கிழிப்பது போல் அடித்தார். இரண்டாம் பாதியில் புஸ்காஸ் இன்னும் மூன்று. தொடர்ந்து பிராங்பர்ட்டின் ஸ்டைன் ஒன்று. பந்தை நடுவில் வைத்து மறுபடி தொடங்கிய கையோடு டி ஸ்டெபானோ மைதானத்தின் பாதியைக் கடந்து வந்து மூன்றாவது கோல். ஸ்டைன் மீண்டும் ஒன்று. ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் நான்கு கோல்கள்! கறுப்பு வெள்ளைப் படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த ஐந்து நிமிடம் அலுப்பதில்லை. பந்து தரையை விட்டு எழுவதே அரிது. ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்கு, நூல் கோத்தாற்போல் போகிறது. முடிவு 7–3. புஸ்காஸ் நான்கு, டி ஸ்டெபானோ மூன்று. இரு தரப்பிலும் தங்கள் நாட்டவர் ஒருவரும் இல்லாத அந்த ஸ்காட்லாந்துக் கூட்டம், ஆட்டம் முடிந்தும் கலையாமல் நின்று கைதட்டியது.

இந்த ஐந்து கோப்பைகளும் மூன்று பயிற்சியாளர்களின் கீழ் வந்தன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதல் இரு கோப்பைகளின்போது வில்லலோங்கா, அடுத்த இரண்டின்போது கார்னிலியா, ஐந்தாவதின்போது முன்னாள் தலைவர் மிகேல் முன்யோஸ். மாடத்தில் பெர்னபெயுவும் களத்தில் டி ஸ்டெபானோவும் மாறாமல் இருந்தனர்.

அதே 1960 நவம்பரில், அடுத்த கோப்பையின் தொடக்கச் சுற்றிலேயே, பார்சிலோனா வந்து வழி மறித்தது. மாட்ரிட்டில் 2–2. ஐந்தாண்டுகளாக வெற்றியன்றி வேறறியாத அந்த மைதானத்தில் முதல் முறையாக ஒரு சமன். பார்சிலோனாவில் 1–2. ரியல் மாட்ரிட் போட்ட கோல்கள் சிலவற்றை ஆங்கிலேய நடுவர் செல்லாது என்றார். மாட்ரிட் நகரமே குமுறியது. ரபிட்டும் பியோரென்டினாவும் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்களோ! மிலானையும் மான்செஸ்டரையும் தடுத்து நின்ற குழுவை இறுதியில் வீழ்த்தியது சொந்த நாட்டுப் பங்காளியே. அந்தப் பார்சிலோனாவும் 1961 இறுதியில் போர்ச்சுகலின் பென்பிகாவிடம் 2–3 எனத் தோற்றது.

ஆறாவது கோப்பை 1966இல் வந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் எதிரே நின்றது, பத்தாண்டுகளுக்கு முன் பெல்கிரேடு பனியில் மிரட்டிய அதே பார்ட்டிசான். 2–1 என வென்ற அந்தக் குழுவில், முந்தைய ஐந்து இறுதியாட்டங்களிலும் ஆடியவர்களில் எஞ்சியிருந்தவர் ஹென்டோ ஒருவரே, தலைவராக. ஆறு ஐரோப்பியக் கோப்பைகள் வென்ற ஒரே ஆட்டக்காரர் என்ற பெருமையோடு அவர் 2022 ஜனவரியில் மறைந்தார்; 2024இல்தான் நால்வர் அவரைச் சமன் செய்தனர். லெகீப் ஏடு வழங்கிய அந்த முதல் கோப்பையை ரியல் மாட்ரிட்டிற்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, போட்டிக்குப் புதிதாக வேறொன்று செய்துகொண்டனர்.